விறைப்புக் கோளாறுக்கான ரத்தப் பரிசோதனை பேக்கேஜ்: எது தேறும், எது தேறாது

விறைப்புக் கோளாறுக்கென்று லேப்கள் விற்கும் பேக்கேஜ்களில் விளம்பரம் முழுக்க டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனுக்குத்தான். அதிகம் பயன் தருவதோ பட்டியலின் கடைசியில் கிடக்கும் சர்க்கரையும் கொழுப்பும். ஆண்குறித் தமனிகளின் விட்டம் 1–2 மில்லிமீட்டர், இதயத் தமனிகளுடையது 3–4. சர்க்கரையாலோ கொழுப்பாலோ ரத்தக்குழாய் கெட்டுப்போனால் சிறியதில்தான் முதலில் தெரியும். ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.5 சதவீதத்தைத் தொட்டிருந்தாலோ எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு ஏறியிருந்தாலோ அதை இதயத்துக்கான முன்னெச்சரிக்கையாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஹெச்பிஏ1சி பொய்யாக உயரும். வெறும்வயிற்றுச் சர்க்கரையும் சேர்ந்திருக்கிற பேக்கேஜே மேல்.

டெஸ்டோஸ்டிரோனில்தான் சொதப்பல் அதிகம். 'எந்த நேரமும் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்போம்' என்பது வசதி அல்ல, குறை. இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கிவிடும், சாப்பிட்டாலும் குறையும். வெறும்வயிற்றில், காலை 7 முதல் 10 மணிக்குள் எடுத்தால்தான் கணக்கு. டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே வந்தால் வேறொரு நாள் காலையில் மறுபடி பார்க்காமல் 'குறைவு' என்று முடிவு கட்டக் கூடாது. காய்ச்சல் நாட்களில் எடுக்கவே வேண்டாம்.

உடல் பருமனும் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கு ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கும் எஸ்ஹெச்பிஜி என்ற புரதம் குறையும். அதனால் மொத்த அளவு தாழ்ந்து தெரியும். புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் கட்டற்ற (ஃப்ரீ) டெஸ்டோஸ்டிரோன் சரியாகவே இருக்கலாம். வயதானவர்களுக்கு நேர்மாறு. எஸ்ஹெச்பிஜி, ஆல்புமின் என்ற இரண்டு புரதங்களையும் அளந்து கட்டற்ற அளவைக் கணக்கிட்டுத் தரும் லேப் நம்பத் தகுந்தது. நேரடிக் கிட்டில் அளந்த 'ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்' எண்ணுக்குத் தனியாகப் பணம் கொடுப்பது வீண்.

மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்களான எல்ஹெச் (விரையைத் தூண்டுவது), புரோலாக்டின் இரண்டையும் டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தால் மட்டும் பார்த்தால் போதும். எல்ஹெச் உயர்ந்திருந்தால் கோளாறு விரையில். உயராமல் இருந்தால் பிட்யூட்டரியைப் பார்க்க வேண்டும். ஊசி பயமே புரோலாக்டினைக் கொஞ்சம் ஏற்றும். டோம்பெரிடோன் (வாந்திக்கு), ரிஸ்பெரிடோன் (மனநோய்க்கு) மாத்திரைகள் இன்னும் நன்றாகவே ஏற்றும்.

முடி வளரப் போடும் பயோட்டின் மாத்திரை சில கருவிகளில் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டியும் தைராய்டு சோதனையான டிஎஸ்ஹெச்சைக் குறைத்தும் காட்டிவிடும். 2–3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். முன்பதிவுப் படிவத்தில் இதைக் கேட்காத சேவைக்கு மதிப்பெண் குறைக்கலாம்.

கார்டிசால், டிஹெச்இஏ என்ற அட்ரினல் சுரப்பி ஹார்மோன்கள், புற்றுநோய்க் குறியீடுகள் எல்லாம் எண்ணிக்கையைப் பெருக்கச் சேர்த்தவை. புராஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ சோதனையும் இந்தக் கோளாறுக்கான காரணத்தைச் சொல்லாது. டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை தொடங்கும் முன்தான் அதற்கு வேலை.

ரத்த அழுத்தம், நரம்பு, மனநிலை, சாப்பிடும் மருந்துகள் எதுவும் இந்த ரிப்போர்ட்டில் வராது. பேக்கேஜோடு வரும் டாக்டர் ஆலோசனையின் தரம் அங்கேதான் தெரியும்: விடியற்காலை விறைப்பு உண்டா என்று கேட்கிறாரா? நெஞ்சுவலிக்கு நைட்ரேட் போடுகிறீர்களா என்று விசாரிக்காமல் சில்டெனாஃபில் (வயாக்ரா) எழுதித் தருகிற ஆலோசனை, இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.