முதல் பேஸ் பக்கம் வாசேதா: ஜிங்கு மைதானத்தில் ஒரு பிற்பகல்

டோக்கியோவின் மெய்ஜி ஜிங்கு மைதானத்தில், ஆறு பல்கலைக்கழகங்கள் ஆடும் வசந்தகால லீக்கின் கடைசி வாரத்திலும் இலையுதிர்கால லீக்கின் கடைசி வாரத்திலுமாக ஆண்டுக்கு இருமுறை, வாசேதா பல்கலைக்கழகமும் கேயோ பல்கலைக்கழகமும் பேஸ்பாலில் மோதுகின்றன. இரு பெயர்களின் முதல் எழுத்துகளையும் இணைத்து (வாசேதாவின் முதல் எழுத்தைச் 'சோ' என்றும் வாசிக்கலாம்) இந்தத் தொடருக்குச் சோகேசென் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேயோக்காரர்கள் மட்டும் எழுத்துகளை முன்பின்னாக மாற்றி, தங்கள் பெயர் முதலில் வரும்படி, கேசோசென் என்பார்கள். நூற்றிருபது ஆண்டுகளாக நடக்கும் இந்தப் போட்டியை மைதானத்தில் அமர்ந்து பார்ப்பது ஒரு வெளியூர்க்காரனுக்குத் தகுமா, செலவிட்ட பணத்துக்கும் பொழுதுக்கும் ஈடாகுமா என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். விடையை முதலிலேயே சொல்லிவிடலாம்: தகும். ஆனால் வாசேதா அணியின் வரலாற்றை ஓரளவு படித்துக்கொண்டு போகவேண்டும். படிக்காமல் போனால், மாணவர்கள் ஆடும் ஒரு நல்ல பேஸ்பால் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தோம் என்பதற்கு மேல் ஒன்றும் கையில் மிஞ்சாது.

நான் சீட்டு வாங்கிய கதையிலிருந்தே தொடங்கவேண்டும். ஜப்பானிய மொழித் தளங்களோடு மல்லுக்கட்ட மனமில்லாமல், வெளிநாட்டவருக்குச் சீட்டு எடுத்துத் தரும் ஒரு முகவரிடம் பொறுப்பை விட்டேன். 'வாசேதா பக்கம்' என்று தெளிவாக எழுதியிருந்தேன். பணம் வாங்கிக்கொண்டு அவர் அனுப்பியது மூன்றாம் பேஸ் (ஓட்டக்காரர் தொடவேண்டிய மூன்றாவது நிலை) பக்கத்துச் சீட்டு, அதாவது கேயோ பக்கம். எந்தப் பக்கமானாலும் ஆட்டம் ஒன்றுதானே என்று அவர் நினைத்திருக்கவேண்டும். நானும் அதைக் கவனிக்காமல், வாசேதாவின் அடர்சிவப்பு எழுத்துப் பொறித்த தொப்பியைப் போட்டுக்கொண்டு போய், கேயோவின் பழைய மாணவர்கள் நிறைந்த வரிசையின் நடுவில் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கையில் எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். என் தொப்பியை ஒரு பார்வை, எதிர்ப்புறத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மடியிலிருந்த சோற்றுப்பெட்டியைக் கீழே வைத்து, கையைப் பந்து எறிவதுபோல் ஓங்கிக் காட்டிச் சிரித்தார். 'ஆப்பிள்' என்று ஒரே ஒரு சொல் சொன்னார்.

அந்த ஒரு சொல் எனக்குப் புரிந்ததால்தான் அன்றைய பொழுது நல்லபடி அமைந்தது. 1933 அக்டோபர் 22 அன்று இதே மைதானத்தில், வாசேதா ரசிகர்கள் பக்கமிருந்து கேயோவின் மூன்றாம் பேஸ் வீரர் மிசுஹாரா ஷிகெருவை நோக்கிப் பழங்களும் குப்பையும் பறந்து வந்தன. கடித்து மீந்த ஆப்பிள் ஒன்றை அவர் எடுத்து ரசிகர்கள் பக்கமே திருப்பி எறிந்தார். ஆட்டத்தைக் கேயோ 9-8 என வென்றதும், வாசேதா ரசிகர்கள் வேலியைத் தாண்டிக் களத்துக்குள் இறங்கிவிட்டார்கள். அதற்குப் பின்னரே, வாசேதாவுக்கு என்றும் முதல் பேஸ் பக்கம், கேயோவுக்கு என்றும் மூன்றாம் பேஸ் பக்கம் என்ற ஏற்பாடு நிலைபெற்றது. ஆகவே இந்தத் தொடருக்குச் சீட்டு வாங்குவோர் இருக்கையின் வசதியைப் பார்ப்பதற்கு முன் பக்கத்தைப் பார்க்கவேண்டும். முகவர்களிடம் போகவேண்டாம், மொழி தெரிந்த நண்பர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே வாங்குங்கள்.

வாசேதாவின் அணி 1901-இல் உருவானது. அதற்குத் தலைமையேற்ற பேராசிரியர் அபே இசோ ஒரு விசித்திரமான கலவை: கிறித்தவர், சோஷலிஸ்ட், பேஸ்பால் பித்தர். அதே 1901-இல், தொடங்கிய கையோடு அரசு தடைசெய்த சமூக ஜனநாயகக் கட்சியை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். இரண்டு ஆண்டுகள் கழித்து, அப்போது அனுபவத்தில் மூத்த அணியாயிருந்த கேயோவுக்கு வாசேதா ஒரு கடிதம் அனுப்பியது. வரலாற்றில் அது சவால் கடிதம் என்று குறிக்கப்பட்டாலும் அதன் தொனி சவாலுடையது அன்று; எங்கள் வீரர்கள் இன்னும் பக்குவப்படாதவர்கள், தாங்கள் கற்பித்தருள வேண்டும் என்ற பணிவே அதில் தெரிகிறது. 1903 நவம்பர் 21 அன்று நடந்த அந்த முதல் ஆட்டத்தில் கேயோ 11-9 என்று வென்றது. பணிவாகக் கேட்டவர்கள் இரண்டே ஓட்டங்களில் தோற்றார்கள் என்பதைக் கவனித்தால், அந்தப் பணிவுக்குள் என்ன இருந்தது என்பது புரியும்.

அபே தம் மாணவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: உள்நாட்டில் எவரிடமும் தோற்காமல் வந்தால் அமெரிக்காவுக்கு அழைத்துப்போவேன் என்பது. 1904-இல் அவர்கள் தோற்கவில்லை. ரஷ்யாவுடன் போர் நடந்துகொண்டிருந்த 1905-இல், ஊரே போர்ச்செய்திக்குக் காது கொடுத்திருந்த வேளையில், ஒரு பேராசிரியர் மாணவர் அணியைக் கப்பலேற்றி அமெரிக்காவின் மேற்குக் கரைக்குக் கூட்டிச்சென்றார். கடல்கடந்து ஆடப் போன முதல் ஜப்பானிய அணி அதுதான். 26 ஆட்டங்களில் 7 வெற்றி, 19 தோல்வி. ஏறத்தாழ எல்லா ஆட்டங்களிலும் பந்து வீசிய கோனோ அத்சுஷி என்ற ஒரே பிட்சரை வைத்துக்கொண்டு அந்த 7 கிடைத்ததே பெரிது. அவர்கள் ஊர் திரும்பியபோது கொண்டுவந்தவை வெற்றிக் கணக்கைவிட மதிப்புள்ளவை: மட்டையைத் தழைத்துப் பந்தை மெல்லத் தட்டிவிடும் பண்ட், பிட்சர் கையைச் சுழற்றி எறியும் முறை, ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றும் ஒழுங்கு ஆகியவற்றை வாசேதா மற்ற அணிகளுக்கும் கற்றுக்கொடுத்தது. நான் பார்த்த ஆட்டத்தின் மூன்றாம் இன்னிங்ஸில், முதல் பேஸில் ஓட்டக்காரர் காத்திருக்க, வாசேதா மட்டையாளர் குனிந்து பந்தைக் கோட்டோரமாகச் செத்து விழும்படி வைத்தார். எதிர்ப்புறத்தில் எழுந்த ஆரவாரம் ஒரு ஹோம் ரன்னுக்கு எழக்கூடியது. அது எனக்கு வெறும் பண்ட்டாகத் தெரியவில்லை.

1906-இல் போட்டி கைமீறியது. முதல் ஆட்டத்தை வென்ற கேயோ மாணவர்கள் வாசேதாவின் நிறுவனர் ஓகுமாவின் வீட்டு வாசலில் போய் முழக்கமிட்டார்கள். இரண்டாவதை வென்ற வாசேதா மாணவர்கள் கேயோவின் நிறுவனர் ஃபுகுசாவாவின் வீட்டு வாசலில் பதிலுக்கு முழக்கமிட்டார்கள். மூன்றாவது ஆட்டம் நடந்தால் இரத்தம் சிந்தும் என்று அஞ்சி அதை நிறுத்தியதோடு உறவையே முறித்துக்கொண்டார்கள். முறிவு நீடித்தது 19 ஆண்டுகள். இடையில் மெய்ஜி, ஹோசே, ரிக்கியோ ஆகிய பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து லீக் வளர்ந்தது. ஆனால் ஒரே லீக்கில் இருந்துகொண்டு வாசேதாவும் கேயோவும் மட்டும் ஒன்றையொன்று எதிர்த்து ஆடாத வேடிக்கை தொடர்ந்தது. 1925-இல் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆறு பல்கலைக்கழக லீக் அமைந்தபோதுதான் இருவரும் மீண்டும் களமிறங்கினார்கள்.

அடுத்த ஆண்டு, 1926-இல், ஜிங்கு மைதானம் திறக்கப்பட்டது. 1934-இல் பேப் ரூத் ஆடிய மண் இது. கழிப்பறை வரிசையும் குறுகிய நடைபாதையும் வயதைக் காட்டுகின்றன. முழங்கால் நீளமானவர்கள் சற்றுச் சிரமப்படுவார்கள். ஆனால் களத்துக்கும் பார்வையாளருக்கும் இடையிலான தூரம் குறைவு என்பதால், பந்து கையுறையில் விழும் ஓசை தனியாகக் கேட்கிறது. மாணவர்கள் மரமட்டையால்தான் ஆடுகிறார்கள். அந்த ஓசையும் காதுக்கு இதம். யாக்குல்ட் ஸ்வாலோஸ் என்ற தொழில்முறை அணிக்கும் இதுவே தாய்க்களம் என்றாலும் பகல் பொழுது மாணவர்களுக்கே உரியது; தொழில்முறை வீரர்கள் இரவு வரை காத்திருக்கவேண்டும். நான் அறிந்தவரை மாணவர்களுக்கு இவ்வளவு மரியாதை தரும் மைதானம் வேறில்லை.

சீட்டு வாங்குவோர் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளவேண்டும். இந்த லீக்கில் ஓர் அணியை இருமுறை வென்றால்தான் ஒரு புள்ளி. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஆளுக்கொன்று வென்றால் மூன்றாவது ஆட்டம் திங்களன்று நடக்கும். ஒரே நாள்தான் முடியும் என்றால் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். சனிக்கிழமை தோற்ற அணி அன்று சாவா வாழ்வா என்று ஆடும்.

வாசேதாவின் வரலாற்றில் எனக்கு முழு உடன்பாடு இல்லாத ஒரு பகுதி உண்டு. தோபிதா சுய்ஷு அணித்தலைவராக இருந்த 1910-இல், சிகாகோ பல்கலைக்கழக அணி ஜப்பானுக்கு வந்து வாசேதாவை ஆடிய ஆட்டமெல்லாம் தோற்கடித்தது. அந்த அவமானத்தோடு அணியிலிருந்து விலகிய தோபிதா, பின்னர் வாசேதாவின் முதல் மேலாளராகத் திரும்பி, 1925-இல் சிகாகோவை வென்ற பிறகே பதவியை விட்டார். ஒவ்வொரு பந்திலும் உயிரை ஊற்று என்பது அவர் கொள்கை. வீரர்கள் நுரை தள்ளிச் சுருளும் வரை பயிற்சி தரவேண்டும் என்று நம்பியவர் அவர். அந்த வைராக்கியத்தை வியக்கலாம். ஆனால் ஜப்பானியப் பள்ளி மைதானங்களில் தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்கள் பட்ட பாட்டில் அவர் கொள்கைக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

ஆனால் அதே தோபிதாதான் 1943-இல் வேறொரு முகத்தைக் காட்டினார். போர் முற்றிய அந்த ஆண்டில் லீக் கலைக்கப்பட்டது. மாணவர்களுக்கு இருந்த படைவிலக்கும் இலையுதிர்காலத்தில் நீக்கப்பட்டது. போர்முனைக்குப் போகுமுன் பிள்ளைகள் ஒருமுறை ஆடட்டும் என்று கேயோ பல்கலைக்கழகத்தின் தலைவர் கொய்சுமி ஷின்ஸோ தரப்பிலிருந்து வேண்டுகோள் வந்தபோது, வாசேதா நிர்வாகம் தயங்கியது. தோபிதாவும் பேஸ்பால் அணியினரும் தம் பொறுப்பில் ஏற்றார்கள். அக்டோபர் 16 அன்று வாசேதாவின் தொத்சுக்கா மைதானத்தில் ஆட்டம் நடந்தது. முந்தைய ஆண்டுதான் தம் மகனைப் போரில் பறிகொடுத்திருந்த கொய்சுமி, தமக்கென ஒதுக்கிய சிறப்பு இருக்கையை மறுத்து மாணவர்களோடு போய் உட்கார்ந்தார். வாசேதா 10-1 என்று வென்றது. முடிந்ததும் இரு பக்கத்தாரும் எதிரணியின் கல்லூரிப் பாட்டைப் பாடினார்கள். அங்கிருந்து படைக்குப் போனவர்களுள் பலர் திரும்பவில்லை.

அந்த மைதானம் இன்று இல்லை. அவ்விடத்தில் வாசேதாவின் மத்திய நூலகம் நிற்கிறது. அருகில் அபேக்கும் தோபிதாவுக்கும் மார்பளவுச் சிலைகள் இருக்கின்றன. ஆட்டத்துக்கு முன் காலையில் ஒருமணி நேரம் ஒதுக்கி அங்கே போய்வருமாறு பரிந்துரைக்கிறேன். செலவு ஒன்றுமில்லை, கூட்டமும் இல்லை. நான் போனபோது சிலையின் நிழலில் ஒரு மாணவி ரொட்டி தின்றபடி கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து இருக்கைப் பெரியவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் வந்தது, எனக்கு ஜப்பானியம் கொஞ்சம். 1960-இல் அவர் கேயோ மாணவர். அந்த இலையுதிர்காலத்தில் மூன்று ஆட்டங்களுக்குப் பிறகும் இரு அணிகளும் லீக் பட்டியலில் சமநிலையில் நிற்க, பட்டத்துக்கான தீர்வாட்டம் நவம்பர் 9 அன்று 1-1, 11 அன்று 0-0 என்று இருட்டில் முடிந்து, 12 அன்றுதான் வாசேதா 3-1 என வென்றது. ஆறு ஆட்டங்களில் ஐந்தை ஆந்தோ மொதொஹிரோ என்ற ஒரே வாசேதா பிட்சர் கடைசிவரை வீசினார். பெரியவர் விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டே வந்து, ஆறாவது விரலில் நிறுத்தி, ஆந்தோவின் பெயரைச் சொல்லித் தலையை அசைத்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஆறாத வயிற்றெரிச்சலும், அதைவிடக் கூடுதலான மதிப்பும் அந்த அசைவில் இருந்தன. அடுத்த தீர்வாட்டத்துக்கு இவ்விரு அணிகளும் 50 ஆண்டுகள் காத்திருந்தன. 2010-இல் சாய்த்தோ யூக்கி வீச, வாசேதா 10-5 என்று வென்றது. லீக்கில் 476 மட்டையாளர்களை வீழ்த்திச் சாதனை படைத்த வாதா ட்சுயோஷியும் வாசேதாக்காரரே.

ஆரவாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கறுப்புச் சீருடை அணிந்த ஊக்கக்குழுத் தலைவர்கள் கையை வீச, பித்தளை வாத்தியங்களும் பெருமுரசும் ஒன்பது இன்னிங்ஸும் ஓயாது. காது மென்மையானவர்கள் மாணவர் பகுதியிலிருந்து தள்ளி அமரவேண்டும். வாசேதாவின் புகழ்பெற்ற ஊக்கப் பாட்டுக்கு 1931-இல் இசையமைத்த கோசெகி யூஜியே, போருக்குப் பின் 1946-இல் கேயோவுக்கும் ஒன்று அமைத்துக் கொடுத்தார். இரு பக்கமும் தொண்டை கிழியப் பாடுவது ஒரே மனிதரின் மெட்டுகளைத்தான்.

மைதானத்தை இடித்து அருகிலேயே புதிதாகக் கட்டும் திட்டம் முடிவாகியிருக்கிறது. அந்த வட்டாரத்தில் மரம் வெட்டும் பணி 2024-லேயே தொடங்கிவிட்டது. பேப் ரூத் ஆடிய, ஆப்பிள் பறந்த இடத்தில் உட்கார விரும்புவோர் தள்ளிப்போடவேண்டாம். ஆட்டம் முடிந்து எழுந்தபோது பெரியவர் எதிர்ப்புறத்தைக் காட்டி, அடுத்த முறை அங்கே என்றார். வசந்தகாலத்துக்கு நானே சீட்டு எடுத்துவிட்டேன், முதல் பேஸ் பக்கம், பித்தளை வாத்தியங்களிலிருந்து இரண்டு பகுதி தள்ளி.