கை (chi, χ) பரவல்: ஆரில் கையால் எழுதுவதா, சைபையில் எடுப்பதா?

மூன்று திசையிலும் ஒன்றையொன்று சாராத நார்மல் பிழை உள்ள ஒரு புள்ளி, உண்மையான இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி விழும்? ஒவ்வொரு திசையிலும் திட்ட விலக்கம் 1 என்றால், அந்தத் தூரத்துக்கு டிஎஃப் (df, இங்கே திசைகளின் எண்ணிக்கை) 3 உள்ள கை பரவல். மேக்ஸ்வெல் பரவல் என்பதும் இதுவே. இந்தக் கணக்கை ஆர் (R என்ற புள்ளியியல் மொழி), சைபை (SciPy என்ற பைத்தான் நூலகம்) இரண்டிலும் போட்டுப் பார்த்துவிட்டு சைபை பக்கம் சாய்ந்துவிட்டேன்.

இரண்டும் இலவசம். வேகத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆரின் அடிப்படைத் தொகுப்பில் கை-வர்க்கப் பரவல் (கையை வர்க்கப்படுத்தினால் வருவது) தான் உண்டு, கை கிடையாது. வர்க்கமூலம் எடுத்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். குவாண்டைலுக்கு (இத்தனை சதவீதம் இதற்குக் கீழே என்ற புள்ளிக்கு) அது சரி: கை-வர்க்கத்தின் 95 சதவீதப் புள்ளி 7.815இன் வர்க்கமூலம், அதாவது 2.795. ரேண்டம் எண்களுக்கும் அப்படியே.

மாட்டிக்கொண்டது அடர்த்தியில். எக்ஸை, அதாவது தூரத்தை, வர்க்கப்படுத்தி dchisq என்ற ஆரின் கை-வர்க்க அடர்த்தி ஃபங்ஷனில் போட்டு, ஹிஸ்டோகிராம் மேல் கோடு வரைந்தேன். கோட்டின் உச்சி பாதி உயரத்தைக்கூடத் தொடவில்லை. டேட்டாவில்தான் கோளாறு என்று அரை நாள் தேடினேன். கடைசியில் கோட்டின் கீழுள்ள பரப்பைக் கூட்டினால் 1 வரவில்லை, 0.399 வந்தது! வர்க்கப்படுத்தும்போது எக்ஸ் அருகிலுள்ள சின்ன அகலம் 2எக்ஸ் மடங்காக நீள்கிறது. அந்த 2எக்ஸால் பெருக்க மறந்திருக்கிறேன். எக்ஸ் 1இல் வரவேண்டியது 0.484, எனக்கு வந்தது 0.242. லாக் அடர்த்தி என்றால் லாக் 2எக்ஸைக் கூட்ட வேண்டும். சிக்மா (திட்ட விலக்கம்) 1 இல்லையென்றால் எக்ஸின் வர்க்கத்தையும் 2எக்ஸையும் அதன் வர்க்கத்தால் வகுக்கவும் வேண்டும். எதை மறந்தாலும் ஆர் எச்சரிக்காது, கேட்டதைத்தானே கொடுத்தது.

சைபையில் கை என்ற பெயரிலேயே பரவல் இருக்கிறது. டிஎஃப் 3, எக்ஸ் 1 கொடுத்தால் 0.484 வந்துவிடுகிறது. சிக்மாவை ஸ்கேல் (scale) என்ற அளவுருவில் போட்டால் போதும்.

அங்கேயும் ஒரு குழி உண்டு. பரவலை டேட்டாவுக்கு ஃபிட் செய்யும்போது லோக்கையும் (loc, பரவல் தொடங்கும் இடம்) அவிழ்த்துவிடுகிறது. எனக்கு அது மைனஸில் போய் நின்றது. தூரம் எப்படி மைனஸ் ஆகும்? எஃப்லோக்கை (floc, லோக்கை ஒரே இடத்தில் நிறுத்துவது) 0 என்று கட்டிப்போட்ட பிறகுதான் அடங்கியது. நான் பார்த்தவை பெரும்பாலும் டிஎஃப் முன்பே தெரிந்த கணக்குகள். அதனால் சின்ன சாம்பிளில் டிஎஃப்பையும் சேர்த்து ஃபிட் செய்வதைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஏற்கெனவே எல்லாம் ஆரில் ஓடுகிறதா? இதற்காக மாற வேண்டாம். சொந்த ஃபங்ஷனை எழுதியதும், பரப்பைக் கூட்டும் இன்டெக்ரேட்டில் (integrate) 0 முதல் முடிவிலி வரை போட்டு 1 வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். நான் அதை அரை நாள் கழித்துத்தான் செய்தேன்.