ஆற்றூர் பக்கம் கப்பி பண்ணை: அப்பன் அம்மை தெரிஞ்சு மீன் வாங்கணும்னா இங்க போங்க

மார்த்தாண்டம், குலசேகரம் சைடுல கப்பி (தொட்டியில வளக்குற சின்ன கலர் மீன்) வளக்குறவங்களுக்கு தான் இந்த ரிவ்யூ. ஆற்றூர் தாண்டி ரப்பர் தோட்டத்துக்குள்ள எறங்குற ரோட்டுல ஒரு அண்ணன் வீட்டுக்கு பின்னாடி சிமெண்ட் தொட்டியும் பழைய ஃப்ரிட்ஜ் பாக்ஸும் வச்சு நடத்துதாரு, போர்டெல்லாம் கெடையாது. ஜோடி 250 ரூவா. வெளிய 50 ரூவாய்க்கே ஜோடி கெடைக்குதே இவருகிட்ட எதுக்கு இவ்வளவு பைசான்னு கேப்பீங்க.

ஒவ்வொரு தொட்டியிலயும் சாக்பீஸ்ல எழுதி வச்சிருக்காரு, அப்பன் எந்த தொட்டி, அம்மை எந்த தொட்டின்னு. இது சும்மா ஷோ இல்ல. கப்பியில பொட்டைக்கு ரெண்டு எக்ஸ் குரோமோசோம் (ஜீன சுமக்குற நூல் மாதிரி உள்ளது), ஆணுக்கு ஒரு எக்ஸ் ஒரு ஒய், கலரு பேட்டர்னுக்கு உள்ள ஜீன் நெறைய இந்த ரெண்டு குரோமோசோம்லயும் தான் இருக்கு. ஒய்ல இருக்கது அப்பன்ட்ட இருந்து மகனுக்கு மட்டும் போவும், மகளுக்கு போவாது. இத மொதல்ல கண்டுபிடிச்சதே கப்பியில வச்சு தான், 1920ல யோஹானஸ் ஷ்மிட்னு ஒருத்தர், ஆண் கப்பி முதுகுத் துடுப்புல இருக்குற கருப்புப் புள்ளி அப்பன் மகன் பேரன்னு ஆண் வழியிலயே எறங்குறத பாத்தாரு (விலாங்கு எங்க போயி முட்டையிடுதுன்னு அட்லாண்டிக் முழுக்க தேடுனாரே அதே ஆளு தான்). அடுத்து 1922ல விங்கேன்னு இன்னொரு ஆராய்ச்சியாளர் அது ஒய்ல இருக்க ஜீனாக்கும்னு சொல்லிட்டாரு. ரெண்டு பேரும் கோபன்ஹேகன்ல கார்ல்ஸ்பெர்க் லேப்ல இருந்தவங்க, ஆமா பீர் கம்பெனி கார்ல்ஸ்பெர்க் தான்.

ஆனா நமக்கு அடி விழுறது பொட்டையில. அது எக்ஸ்ல நல்ல வால் கலர் ஜீன வச்சிருந்தாலும் வெளிய பெருசா காட்டாது, சாம்பல் கலர்ல சும்மா சுத்திட்டு இருக்கும், அந்த கலர் வெளிய வர ஆண் ஹார்மோன் வேணும். அப்போ கடையில ஏதோ ஒரு பொட்டைய புடிச்சு சூப்பர் ஆணோட சேத்து கவர்ல போட்டு குடுத்தா குஞ்சு எப்படி வரும்னு யாருக்கும் தெரியாது. போதாததுக்கு பொட்ட ஒரு தடவ சேந்தா விந்த மாசக்கணக்கா உள்ளயே சேத்து வச்சு குட்டி போடும், நீங்க புதுசா ஆண் வாங்கி விட்டாலும் வாறது பழைய அப்பன் குட்டியா இருக்கலாம். இந்த அண்ணன் குஞ்சுல ஆணுக்கு அடித்துடுப்பு நீண்டு கூராகுறதுக்கு முன்னாடியே பாத்து பாத்து பிரிச்சிடுதாரு, சேராத பொட்டை தான் தாராரு. 250 ரூவா அந்த வேலைக்கு தான், எனக்கு அது ஓகே.

ஹார்மோன் சொன்னதும் இன்னொண்ணு. சில எடத்துல தீவனத்துல டெஸ்டோஸ்டிரோன் கலந்து போடுவாங்க, சின்னதுலயே கலர் ஏறும், பொட்டைக்கும் ஏறும், பாக்க ஜம்முன்னு இருக்கும், வீட்டுக்கு கொண்டு வந்து சாதா தீவனம் போட்டா கொஞ்ச நாள்ல மங்கிரும், சிலது குட்டியும் போடாது. எங்க தெருவுல ஒரு பையன் வேற எங்கயோ வாங்குன ஆண விட்டு பெத்த குஞ்சு பூரா பொட்ட. அண்ணன்ட்ட கேட்டா ‘மக்கா அது பொறப்புல ரெண்டு எக்ஸ் உள்ள பொட்டையா இருந்திருக்கும், மருந்துல ஆணாக்கி வித்திருப்பான், அதுட்ட ஒய்யே இல்லேன்னா மகன் எங்கேருந்து வருவான்’ங்காரு. உறுதியா சொல்ல முடியாது, ஆனா கணக்கு சரி.

அண்ணன்ட்ட பிளாட்டின்னு இன்னொரு வகை கலர் மீனும் உண்டு. அது கொஞ்சம் தல சுத்தும், எக்ஸ் ஒய்யோட டபிள்யூன்னு மூணாவது ஒண்ணும் இருக்கு, ரெண்டு ஒய் இருந்தாலும் ஆண் தான், டபிள்யூ ஒய் சேந்தா பொட்ட. ரெண்டு எக்ஸ் பொட்டையும் ரெண்டு ஒய் ஆணும் சேந்தா பூரா ஆண் குஞ்சு வரும். பிளாட்டி தொட்டியில மட்டும் அப்பன் அம்மை எழுத்து அழிஞ்சு கெடக்கு, அத நம்பி வாங்காதீங்க. ஆல்பினோ (கருப்பு நெறமி இல்லாத) கப்பி கொள்ளாம், அது எக்ஸ் ஒய் கேஸ் இல்ல, அப்பன் அம்மை ரெண்டு பேருட்டயும் அந்த ஜீன் இருந்தா தான் செவப்பு கண்ணு வரும், அதுனால சாதா கப்பியோட கலந்து விட்டா மொத தலமுறையில ஒண்ணும் காணாது.

கொற என்னன்னா பேச்சு. ஒரு ஜோடி வாங்க போனா தேங்காப்பட்டணம் பொழிமுகத்துல புடிக்குற கொடுவா சின்னதுல ஆணா இருந்து பெருசாகி பொட்டையாவுறதுல ஆரம்பிச்சு கலவா நேர் எதிரா மாறுறது வரைக்கும் சொல்லிட்டு தான் கவர கட்டுவாரு. வெல பேசுனா மூஞ்சி மாறிடும். ஆக்சிஜன் பேக்கிங் கெடையாது, அதுனால தூரத்துலேருந்து வாறவங்க வெயிலுக்கு முன்னாடி கெளம்பிடுங்க. கார் விட எடம் இல்ல, பைக்ல போங்க.

அஞ்சுக்கு நாலு. ஒரு ஆண் ரெண்டு பொட்டன்னு கேட்டா 350க்கு தருவாரு, ஞாயித்துக்கெழம சர்ச் விட்டு மத்தியானத்துக்கு மேல தான் ஆளு இருப்பாரு.