காந்தமா, லேசரா? அப்புறம் எந்த மருந்து?

தொப்புள்கொடி ரத்தத்தை ஃபைகால் என்ற அடர்த்தியான கரைசலின் மேல் மெதுவாக ஊற்றிச் சுழலவிட்டால், சிவப்பணுக்கள் அடியில் இறங்கி, நடுவே மங்கலான வெள்ளைப் படலம் ஒன்று நிற்கும். நாம் பிரித்து வளர்க்கத் தேடும் ரத்த ஸ்டெம் செல், அதாவது எல்லா ரத்தச் செல்களையும் உருவாக்கும் தாய்ச் செல், அதற்குள்தான். அதிலும் மேற்பரப்பில் சிடி34 என்ற புரதக் குறி உள்ள செல்கள் நூற்றில் ஒன்று கிடைத்தாலே அதிகம். அவற்றிலும் உண்மையான ரத்த ஸ்டெம் செல் வெகு சிலவே.

பிரித்தெடுக்க இரண்டு வழி. காந்த முறையில், சிடி34-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடியோடு நுண்ணிய இரும்பு மணிகள் இருக்கும். காந்தத்தில் மாட்டிய குழாய்க்குள் விட்டால் வேண்டியவை ஒட்டிக்கொள்ளும், மற்றவை வழிந்துவிடும். வேகமான வேலை, ஆனால் பார்ப்பது ஒரே குறியை. இன்னொரு வழி ஃப்ளோ சார்ட்டர் என்ற தரம்பிரிக்கும் கருவி. அதில் செல்கள் ஒவ்வொன்றாக லேசரைக் கடக்கும். சிடி38, சிடி90, சிடி45ஆர்ஏ என்று பல குறிகளைச் சேர்த்துப் பார்க்கலாம். 2011-இல் டொராண்டோவில் ஜான் டிக் குழு சிடி49எஃப் குறியையும் சேர்த்துப் பிரித்த ஒற்றைச் செல்லே எலிக்குள் மனித ரத்தச் செல் வகைகளை உருவாக்கியது. காந்தத்தால் அந்த அளவுக்குப் போக முடியாது. ஆனால் சார்ட்டர் மெதுவானது, விலையும் அதிகம். என்னைக் கேட்டால், முதலில் காந்தம், ஆராய்ச்சிக்கு என்றால் மட்டும் அதன்மேல் சார்ட்டர்.

சரி, வளர்ப்பது? அங்கேதான் தலைவலி. எஸ்சிஎஃப், டிபிஓ, ஃப்ளிட்3 லிகண்ட் என்ற சைட்டோகைன்களை (செல்களை வளரத் தூண்டும் புரதங்கள்) மட்டும் கொடுத்தால் செல்கள் பெருகும், கூடவே முதிர்ந்தும் போகும். 2010-இல் வந்த எஸ்ஆர்1 என்ற வேதிப்பொருள், செல்லுக்குள் இருக்கும் ஏரைல் ஹைட்ரோகார்பன் ரிசெப்டர் என்ற புரதத்தை அடைத்து அந்த முதிர்ச்சியைத் தடுக்கிறது. அதன் முதல் ஆய்வில் சிடி34 செல்கள் 50 மடங்கு பெருகின. எலிக்குள் வேர்பிடிக்கக்கூடியவையோ 17 மடங்குதான். தட்டில் எண்ணியதை அப்படியே நம்பினால் ஏமாந்துபோவோம். 2014-இல் மான்ட்ரியலிலிருந்து வந்த யுஎம்171 என்ற வேதிப்பொருள் வேறு பாதையில் வேலை செய்கிறது. நீண்டகாலம் நிற்கும் செல்களே வேண்டுமென்றால் நான் அதைத்தான் எடுப்பேன். 2023-இல் சைட்டோகைன், ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் இரண்டையும் விட்டுவிட்டு, பாலிமர் ஒன்றோடு வளர்த்த முறையிலும் யுஎம்171 இருந்தது.

மருத்துவமனைக்குள் முந்தியது என்னவோ சாதாரண நிகோடினமைடு, வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம். அதில் வளர்த்த தொப்புள்கொடி ரத்தச் செல்களாலான ஒமிடுபிசெல் என்ற சிகிச்சை 2023-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. சோதனையில், செல்களைச் செலுத்தியபின் நியூட்ரோபில் (கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணு) மீள ஆன நாட்களின் இடைநிலை அளவு (மீடியன்) 12. வளர்க்காத தொப்புள்கொடி ரத்தத்துக்கு 22. கிருமித்தொற்றுக்கு அஞ்சி அறைக்குள் அடைந்திருக்கும் நோயாளிக்கு அந்தப் பத்து நாள் சின்ன விஷயமில்லை.