‘தேதிவாரியாகப் பெயர் மாற்றித் தருகிறோம்’: படங்களை ஒப்படைக்கும் முன் ஓர் எச்சரிக்கை

கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில், எங்கள் வீட்டுப் படங்கள் அனைத்தையும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் சேர்த்து, எடுத்த தேதியின்படி பெயர் மாற்றித் தருமாறு ஒப்படைத்திருந்தோம். அப்பா 2006 முதல் பயன்படுத்திய கேமராக்களின் மெமரி கார்டுகள், அவ்வப்போது எழுதி வைத்த சிடிக்கள், வீட்டிலுள்ளவர்களின் செல்போன்களில் இருந்தவை என எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 11,000 படங்கள். படத்துக்கு ஒரு ரூபாய் என்று கூலி பேசி, பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். பில் தரவில்லை. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. இந்த வேலையை எந்தக் கடையில் கொடுத்தாலும் இதே சேதம் நேரக்கூடும் என்பதால், நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

டிஸ்க்கைத் திரும்ப வாங்கி வந்து திறந்தபோது, பதினேழு ஆண்டுப் படங்களும் 2023 ஜூன் மாதத்தின் அடுத்தடுத்த இரண்டு தேதிகளுக்குள் அடங்கிக் கிடந்தன. தை மாதத்தில் எருது விடும் விழாவில் எடுத்த படத்துக்கு ‘14-06-2023 (412)’ என்று பெயர். அதற்கு அடுத்த எண்ணில் ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கலில் எடுத்த படம். கடைக்காரரிடம் கேட்டபோது, “கம்ப்யூட்டர் காட்டுற தேதியைத்தான் சார் போட்டிருக்கோம், நாங்களா எதுவும் எழுதல” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் காட்டுகிற தேதிகளில் எதை எடுப்பது என்பது தெரியாமல் கூலி வாங்கியதுதான் என் குற்றச்சாட்டு.

ஒரு படக் கோப்புக்கு ஒரே ஒரு தேதி இருப்பதில்லை. விண்டோஸில் கோப்பு ‘உருவாக்கப்பட்ட தேதி’ என்று காட்டப்படுவது, அந்தக் கோப்பு அந்த டிஸ்க்கில் வந்து அமர்ந்த நேரம்; கார்டிலிருந்து டிஸ்க்குக்கு நகலெடுத்தவுடன் அது நகலெடுத்த நாளுக்கு மாறிவிடும். ‘மாற்றப்பட்ட தேதி’ நகலெடுக்கும்போது பெரும்பாலும் அப்படியே வரும் என்றாலும், படத்தைத் திருப்பிச் சேமித்தாலோ வெட்டிச் சேமித்தாலோ அதுவும் போய்விடும். கேமராவின் பொத்தானை அழுத்திய நேரம் இந்த இரண்டிலும் இல்லாமல், படத்துக்குள்ளேயே எக்ஸிஃப் என்ற தகவல் பகுதியில் எழுதப்பட்டிருக்கும்; விண்டோஸில் படத்தின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து டீட்டெயில்ஸ் பக்கத்துக்குப் போனால் ‘டேட் டேக்கன்’ என்று தெரிவது அதுதான். பெயர் மாற்றுவதற்கு முதலில் நம்ப வேண்டிய தேதியும் அதுவே.

பெயர் மட்டும் தவறாகியிருந்தால் ஒரு மாலையில் சரிசெய்துவிட்டிருப்பேன். ஆனால் “இடம் மிச்சமாகட்டும்” என்று அவர்களாகவே எல்லாப் படங்களையும் ஏதோ ஒரு சுருக்கும் மென்பொருளில் போட்டு எடுத்திருந்தார்கள்; அந்த மென்பொருள் எக்ஸிஃப் பகுதியைக் கழற்றிவிட்டுப் புதிய கோப்புகளாகச் சேமித்திருந்தது. இதைவிடக் கொடுமை, கார்டுகளை ‘சுத்தம் செய்து’ ஃபார்மட் போட்டுத் திருப்பிக் கொடுத்தது. யாரும் கேட்காத இந்த உபகாரத்துக்கும் சேர்த்துத்தான் கூலி.

இன்னொரு சேதம் சில வாரம் கழித்தே தெரிந்தது. கேமராக்கள் படங்களுக்கு 0001 முதல் 9999 வரை எண் வைத்துவிட்டு மறுபடி 0001-இலிருந்து தொடங்கும். கார்டு மாற்றினாலும் சில கேமராக்கள் அப்படியே செய்யும். எல்லாக் கார்டுகளையும் சிடிக்களையும் ஒரே ஃபோல்டரில் கொட்டும்போது ஒரே பெயரில் இரண்டு படங்கள் மோதும். அப்போது கம்ப்யூட்டர் கேட்கும் கேள்விக்கு ‘ரீப்ளேஸ்’ என்று அழுத்தியிருக்கிறார்கள். என் தங்கையின் நிச்சயதார்த்தப் படங்களின் நடுவில் ஒரு பெரிய துண்டு இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான் என்பது சிடியோடு ஒப்பிட்டபோது புரிந்தது. சிடிக்களில் அவர்களால் எதையும் அழிக்க முடியவில்லை என்பதால் அவற்றில் இருந்தவை தப்பின.

கார்டுகளை அதன்பிறகு யாரும் கேமராவில் போடாததால், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு பெரும்பகுதியை மீட்க முடிந்தது. விரைவு ஃபார்மட்டில் பட்டியல் மட்டும் அழிகிறது, மேலே புதிதாக எழுதும்வரை படம் உள்ளே கிடக்கிறது. மீண்டவற்றுக்குப் பழைய பெயர் இருக்காது, ஆனால் எக்ஸிஃப் உள்ளே இருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற மற்றொரு இலவசக் கருவி அந்தத் தேதியைப் படித்து ஒரே கட்டளையில் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிடுகிறது. ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்ற வரிசையில் வைக்கச் சொன்னேன். கடைக்காரர் செய்ததுபோல் நாளை முன்னால் போட்டால், பெயர் வரிசையில் 2009 ஜனவரி முதல் தேதியும் 2015 மார்ச் முதல் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்.

எக்ஸிஃப் தேதியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. மீண்ட கார்டு ஒன்றில் கிருஷ்ணகிரி அணைப் படங்கள் 2008 ஜனவரி என்று காட்டின. ஆனால் அவை மதகு உடைந்த மறுநாள் அப்பா போய் எடுத்தவை. மதகு உடைந்தது 2017 நவம்பர் 29 அன்று. பேட்டரி இறங்கிக் கடிகாரம் தொடக்கத்துக்குத் திரும்பியிருக்கிறது. பிழை எவ்வளவு என்று ஒரு படத்தில் தெரிந்துவிட்டால், கடிகாரத்தை மறுபடி திருத்தும்வரை எடுத்த எல்லாப் படங்களுக்கும் அதே வித்தியாசத்தைக் கூட்டிவிடலாம், அதற்கும் அந்தக் கருவியில் வழி உண்டு. இதைக் கடைக்காரர் அறிந்திருக்க வாய்ப்பில்லை, வீட்டுக்காரர்களைக் கேட்டிருக்க வேண்டும்.

செல்போனில் இருந்த படங்களில் வாட்ஸ்அப் வழியாக வந்தவைதான் இன்னும் தீராத தலைவலி. வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் படத்தில் எக்ஸிஃப் தேதி இருக்காது. கோப்பின் பெயரில் உள்ள தேதி, நம் போனுக்குப் படம் வந்து சேர்ந்த நாளைத்தான் சொல்லும். எடுத்த நாள் தெரியாதவற்றைத் தனி ஃபோல்டரில் வைத்து, பெயரிலேயே ‘வந்த தேதி’ என்று குறித்துவிட்டேன்.

மீதிக் கூலியைக் கொடுக்க மறுத்தேன். முன்பணத்தைத் திருப்பித் தர அவர்கள் மறுக்கிறார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது, பில் இல்லாததால் பணம் அனுப்பிய குறுஞ்செய்தியைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.

இந்த வேலையை வெளியே கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பவர்கள், மூலக் கார்டுகளையும் சிடிக்களையும் வீட்டில் வைத்துக்கொண்டு நகலை மட்டும் கொடுங்கள். சுருக்கக் கூடாது, அழிக்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். அதற்கும் முன், பரீட்சைக்கு ஒரு சிறு தொகுப்பைக் கொடுத்துப் பாருங்கள்: ஒரு கேமராப் படம், ஒரே நொடியில் தொடர்ந்து எடுத்த இரண்டு படங்கள், ஒரு வாட்ஸ்அப் படம், விடியற்காலை ஐந்து மணிக்கு முன் செல்போனில் எடுத்த ஒரு வீடியோ. பல போன்கள் வீடியோவுக்குள் நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. அந்த வீடியோ முந்தைய நாள் தேதியில் திரும்பி வந்தால், மிச்சத்தைக் கொடுக்காமல் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.