அனகி அடுப்பு: இரண்டு கண், ஒரு விறகு

முதலில் அடுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். களிமண்ணில் ஒரே உருவாகச் செய்து சுட்டது. விறகு வைக்க ஒரு வாய், சட்டி வைக்க இரண்டு கண். முன்கண்ணில் சோறு கொதிக்கும்போதே பின்கண்ணில் பருப்பு வெந்துவிடும். 1980களில் நம் இலங்கையிலேயே உருவாக்கிய அடுப்பு. பெயர் சிங்களம், அருமையானது என்று அர்த்தம். மூன்று கல் அடுப்பில் ஒரு கட்டு மிலாறு (வெட்டிப் போட்ட தேயிலைச் செடிக் கிளை) எனக்கு இரண்டு நாள் வரும். இதில் மூன்று நாளைத் தாண்டுகிறது.

இப்போது வைத்திருப்பது என் இரண்டாவது அடுப்பு. நாங்கள் இருப்பது லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில். முதலாவதை 2022இல் பக்கத்துக் காம்பரா (வீட்டு அறை) அக்காவும் நானும் கூட்டாக வாங்கினோம். அந்த வருசத்தை யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. கேஸ் கிடைக்காது, ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியது. தோட்டத்தில் அப்போது நாள் சம்பளம் 1,000 ரூபா, அதுவும் முழுப்பேர் விழுந்தால்தான், அதாவது முழுநாள் வேலை என்று பதிந்தால்தான். "ரெண்டு கண்ணு இருக்காமே தங்கச்சி, உனக்கொண்ணு எனக்கொண்ணு" என்றார் அக்கா. ஆளுக்கு 450 ரூபா போட்டு தலவாக்கலை டவுனில் வாங்கி, உரச்சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மாறி மாறி மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். குழந்தையைக் கொண்டுவருவது மாதிரி.

இரண்டு வீட்டு இஸ்தோப்பும் (முன் திண்ணை) சேரும் மூலையில் வைத்தோம். விடிய நாலரைக்கு அக்கா பற்றவைப்பார். அவர் பெரட்டுக்கு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்குப் போகவேண்டும், அதனால் காலையில் முன்கண் அவருடையது. அதில் ரொட்டி, பின்கண்ணில் என் தேத்தண்ணி. நான் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன், கொஞ்சம் பிந்திப் போகலாம். சாயந்திரம் முன்கண் எனக்கு. இப்படிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாக அமைந்தது. எந்த மலையில் கவ்வாத்து, தேயிலைச் செடி வெட்டுகிற வேலை நடக்கிறது என்று கொழுந்தெடுக்கிற அக்காவுக்குத்தான் முதலில் தெரியும். ஞாயிற்றுக்கிழமை இருவரும் போய் மிலாறு கட்டிக்கொண்டு வருவோம். சுமையை அவர் தூக்கிவிட்டால்தான் என் தலையில் சரியாக உட்காரும்.

2023 தை மாதம் அடுப்பு வெடித்தது. வாயின் மேல் விளிம்பிலிருந்து முன்கண் வரை விரல் நுழைகிற வெடிப்பு. அன்று பீலியில் (தண்ணீர் விழுகிற குழாயடி) அக்காவோடு ஐந்தாறு பேர் தண்ணீருக்கு நின்றார்கள். "யாரோ தேயிலை வேர்க்கட்டையைத் திணிச்சிருக்காங்க, நான் மிலாறைத் தவிர எதுவும் வைக்கிறதில்ல" என்று சத்தமாகச் சொன்னேன். யாரோ என்றுதான் சொன்னேன். ஆனால் அடுப்பைப் பாவிப்பது இரண்டே பேர். அக்கா வாளி நிறையும்வரை நின்றார், இடுப்பில் எடுத்துக்கொண்டு போனார். சாயந்திரம் பின்கண்ணில் அவருடைய சட்டி இல்லை. ஊதாங்குழலும் இல்லை, அது அவருடையது.

அதற்கு மேல் நான் செய்தது இன்னும் மோசம். அவர் பங்கு 450 ரூபாவை மகனிடம் கொடுத்தனுப்பினேன். காசு திரும்பி வரவில்லை. அக்காவும் வரவில்லை.

போன வருசம் புது அடுப்பு வாங்கப் போனபோது, பழையது ஏன் வெடித்தது என்று கடைக்கார ஐயாவிடம் கேட்டேன். எப்படிப் பதித்தீர்கள் என்று திருப்பிக் கேட்டார். கொண்டுபோன அன்றைக்கே வைத்துப் பற்றவைத்தோம் என்றேன். அவர் சிரித்தார். சுற்றிவர மண் அணைத்துப் பூசி, நன்றாகக் காயவைத்த பிறகுதான் நெருப்புப் போடவேண்டுமாம். வெறும் அடுப்பாக எரித்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று அக்கா "பூசிட்டுக் கொளுத்துவோம்" என்றார். பிள்ளைகள் பசியில் நிற்கிறார்கள் என்று அவசரப்பட்டுப் பற்றவைத்தது நான்.

ஆகவே வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். மண்ணோடு சாணியும் பொடியாக நறுக்கிய மானாப்புல்லும் சேர்த்துக் குழைத்து, இரண்டு கண்ணையும் வாயையும் விட்டுவிட்டு மற்ற எல்லாப் பக்கமும் கனமாக அணைக்கவேண்டும். நான் இந்த முறை ஒரு வாரம் காயவிட்டேன். முதல் நாள் சுள்ளி நெருப்பு மட்டும். ஒரு வருசமாகிறது, கீறல் கூட விழவில்லை.

குறையும் இருக்கிறது. வாய் சின்னது, தடித்த விறகு போகாது. மழை மாதங்களில் மிலாறு ஈரமாகிவிடும், அப்போது புகை கண்ணைப் பிடுங்கும், புகைபோக்கி கிடையாது. சட்டி கரி பிடிக்கும், அதற்கு அடியில் முன்கூட்டியே சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டால் கழுவ லேசு. எனக்குப் பெரிய குறை பின்கண்தான். அதில் எப்போதும் ஏதாவது இருக்கவேண்டும். வெறுமனே விட்டால் நெருப்பும் புகையும் அந்த வழியாக மேலே கிளம்பிவிடும், முன்சட்டியும் கொதிக்காது. இப்போது அதில் பச்சைத்தண்ணி வைக்கிறேன். ஒருநாளைக்கு எவ்வளவு சுடுதண்ணிதான் வேண்டும்?

ஐந்துக்கு நாலு கொடுக்கலாம்.

கடைக்காரர் சொன்னதை அக்காவிடம் சொல்ல இரண்டு தடவை அவர் இஸ்தோப்பு வரை போனேன். ஒரு தடவை அவர் கால் கழுவிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. மற்றத் தடவை கதவு சாத்தியிருந்தது. தீபாவளிக்கு அவர் மகள் முறுக்குத் தட்டு கொண்டுவந்தாள். தட்டை வெறுமனே திருப்பக்கூடாது என்று சீனி போட்டு அனுப்பினேன். அவ்வளவுதான் போக்குவரத்து.

அக்கா கேஸ் அடுப்புக்கு மாறிவிட்டார். எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரை வரை போகாது. விடிய நாலரைக்கு அந்தப் பக்கம் லைட்டர் சத்தம் கேட்கும், நானும் எழும்பிப் பற்றவைப்பேன். புகை சுவருக்கு மேலால் அங்கே இறங்கும். முந்தி என்றால் "ஈர மிலாறையா புள்ள வச்சிருக்க?" என்று கத்தியிருப்பார். இப்போது இருமல் மட்டும் கேட்கிறது.