மஞ்சள் தெரிந்தால் விமானம் நகராது: இரட்டை நிற ஃபோம் ட்ரே

விமானங்களைப் பழுதுபார்க்கும் எங்கள் ஹேங்கரில் பழைய டூல் பாக்ஸ்களைக் கழித்துவிட்டு, ஃபோம் ட்ரே போட்ட டிராலிகளை இறக்கியிருக்கிறார்கள். மேலே கறுப்பு, அடியில் மஞ்சள். ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவிலேயே குழி. பத்து எம்எம் ஸ்பானரை எடுத்தால் அந்த இடம் மஞ்சளாக இளிக்கும். பட்டியலில் கையெழுத்துப் போடுவது இன்னும் உண்டு. ஆனால் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் தூக்கக் கண்ணோடு எண்ணுவதைவிட, டிராயரை இழுத்து ஒரு பார்வை பார்ப்பது எவ்வளவோ மேல்.

ஒரு கருவிக்கு இவ்வளவு அலப்பறையா என்பவர்கள் ஆஸ்திரேலிய நிறுவனமான குவாண்டாஸின் ஏ380 விமானக் கதையைக் கேளுங்கள். 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் எஞ்சினுக்குள் போரோஸ்கோப் (உள்ளே நுழைத்துப் பார்க்கும் மெல்லிய கேமரா) விட்டுப் பார்த்தபோது, காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸரைச் சுழற்றுகிற 1.25 மீட்டர் நைலான் கருவி உள்ளேயே தங்கிவிட்டது. அதோடு 294 மணி நேரம் பறந்திருக்கிறது விமானம். கருவியைக் காணோம் என்றால் செய்ய வேண்டிய தேடலைத் தொடங்காமலே விமானத்தை விடுவித்தார்கள் என்றது ஆஸ்திரேலிய விசாரணை. அந்த நீளத்துக்கு எந்த ட்ரேயும் போதாது, அது வேறு விஷயம். குழி காலியாக இருந்தால் விமானத்தை நிறுத்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ட்ரேயோடு சேர்ந்து வருவதில்லை.

சரி, குறைகளுக்கு வருவோம். முதலில் வந்த ட்ரேயில் ஸ்க்ரூ டிரைவர் பிட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே பொதுக் குழி. ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியும்? திருப்பி அனுப்பித் தனித்தனியாக வெட்டி வாங்கினோம். அப்போதும் ஒரு சிக்கல்: ஃபிலிப்ஸ் பிட்டின் நுனி முறிந்து பேனலுக்குள் விழுந்தாலும், மிச்சத்தைக் குழியில் வைத்தால் மஞ்சள் மறைந்துவிடும். வைக்கும்முன் நுனியைப் பார்த்தே ஆகவேண்டும்.

விலையைப் பார்த்து மட்டமான ஃபோமில் இறங்காதீர்கள். ஓரத்தை நகத்தால் கீறிப் பாருங்கள், பொடிப்பொடியாக உதிர்ந்தால் வேண்டாம். குப்பையைத் தடுக்க வாங்கியதே குப்பை போடும்.

போல்ட் கழலாமல் கட்டும் கம்பியான லாக்வயரை வெட்டும்போது தெறிக்கும் துண்டுக்கும், நட்டைப் பூட்டும் சிறு ஊசியான காட்டர் பின்னைக் கழற்றினால் அதற்கும் இந்த ட்ரேயால் பயனில்லை. அதற்கு இடுப்பில் ஜிப் வைத்த பைதான்.

ஆர்டர் கொடுக்கும்போது டிராலி எண்ணைக் கருவியிலும் குழிக்குள்ளும் பொறித்துத் தரச் சொல்லுங்கள். பக்கத்து டிராலியின் சாக்கெட் வந்து உங்கள் குழியில் உட்கார்ந்தால், அந்த எண்ணை வைத்துத்தான் பிடிக்க முடியும்.